தேசிய வன நிலம் ஊருக்கு வந்து சேரும் வழி: காங்கிரஸ் சட்டமும் அதன் சிக்கல்களும்

கேள்வி இதுதான்: மேற்கு அமெரிக்காவில் நான்கு புறமும் தேசிய வனம் சூழ்ந்த ஒரு சிற்றூர். குடிநீர்த் தொட்டி கட்டவும் கல்லறைத் தோட்டத்தை விரிக்கவும் இடமில்லை. பக்கத்து வன நிலத்தை காங்கிரசில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், சட்டம் போட்டு வாங்கலாம் என்கிறார்கள். எப்படி வாங்குவது, எங்கே சிக்கும்?

பாதி பதில், ஊர் பணம் கொடுக்கத் தயாரா என்பதில் இருக்கிறது. சந்தை விலை கொடுக்க முடியும் என்றால் பல சமயம் புதுச் சட்டமே தேவையில்லை. இலவசமாக வேண்டும், அல்லது இருக்கிற சட்டங்களின் அளவுக்குள் அடங்காத நிலம் வேண்டும், அல்லது வனத்துறை அசையவே மாட்டேன் என்கிறது என்றால்தான் வாஷிங்டனுக்குப் போக வேண்டும்.

காரணம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி கூட்டரசின் சொத்தைக் கைமாற்றும் அதிகாரம் காங்கிரசுடையது. சுமார் 19.3 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை அந்த நிலத்துக்குக் காவல்காரர்தான், சொந்தக்காரர் அல்ல. எந்தச் சட்டத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காங்கிரஸ் ஏற்கெனவே சொல்லியிருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் அதன் கையெழுத்து செல்லும். வட்டார வன அதிகாரிக்கு ஊர்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட அவரால் முடியாது. அவரிடம் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

ஏற்கெனவே திறந்திருக்கும் கதவுகளை முதலில் தட்டிப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் டவுன்சைட் சட்டம், 1976இல் திருத்தப்பட்டபடி, அலாஸ்காவிலும் மேற்கின் 11 மாநிலங்களிலும் ஊரை ஒட்டிய வன நிலத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 640 ஏக்கர் வரை உள்ளாட்சிக்கு விற்க அனுமதிக்கிறது. விலை சந்தை விலை. அந்த நிலம் கூட்டரசிடம் இருப்பதைவிட ஊரின் தேவைக்குப் போவதில்தான் பொதுநன்மை அதிகம் என்று நிறுவ வேண்டும். பள்ளி என்றால் தனிச் சட்டம் உண்டு: பொதுப் பள்ளி மாவட்டத்துக்கு 80 ஏக்கர் வரை பெயரளவு விலையில் தரலாம். வனத்துறையின் பழைய அலுவலக வளாகம், கிடங்கு போன்றவை 40 ஏக்கர் வரை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விற்பனைக்கு வரலாம்.

பலருக்குத் தெரியாத கதவு, 1983ஆம் ஆண்டின் சிறு நிலத் துண்டுகள் சட்டம். 2018இல் அதைத் திருத்தி, மதிப்பு உச்சவரம்பை 1,50,000 டாலரிலிருந்து 5,00,000 டாலராக உயர்த்தினார்கள். கூடவே, வனத்துறை அனுமதியின் பேரில் ஏற்கெனவே கல்லறை, குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கிவரும் துண்டுகளையும் விற்கலாம் என்று சேர்த்தார்கள். கல்லறையானால் ஒட்டியிருக்கும் 1 ஏக்கரும் சேரும். கேள்வியில் உள்ள ஊரின் கல்லறை ஏற்கெனவே வன நிலத்தில்தான் இருக்கிறது என்றால் அந்தப் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடக்கூடும். அதற்குப் போய் ஒரு மசோதா எழுதுவது வீண் வேலை.

இங்கே ஒரு வழக்கமான குழப்பம். பூங்கா, பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு அடிமாட்டு விலையில் நிலம் தரும் 'பொழுதுபோக்கு மற்றும் பொதுப் பயன்' சட்டத்தைக் காட்டி, பக்கத்து ஊருக்குக் கிடைத்ததே என்பார்கள். அந்தச் சட்டம் உள்துறையின் (அமெரிக்காவில் இது பொது நிலங்களைக் கவனிக்கும் துறை) கீழ் உள்ள நில மேலாண்மைப் பணியகத்தின் நிலத்துக்கானது. தேசிய வனம் வேளாண் துறையின் கீழ் வருவது, அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புதர்தான், ஆனால் சட்டம் வேறு. எனவே நிலம் எந்தத் துறையுடையது என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

துறை தெரிந்ததும் தாய்ப்பத்திரத்தைத் தேட வேண்டும். மேற்கில் பெரும்பாலான வன நிலம் தொடக்கத்திலிருந்தே கூட்டரசுடையது. கிழக்கிலும் தெற்கிலும் உள்ளவற்றில் பெரும்பகுதி 1911ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டத்தின் கீழ்த் தனியாரிடமிருந்து கிரயம் வாங்கியது. இது வெறும் வரலாறு அல்ல. மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதே இதில்தான் முடிவாகிறது. முதல் வகை நிலம் செனட்டில் எரிசக்தி மற்றும் இயற்கை வளக் குழுவுக்கும், கீழவையில் இயற்கை வளக் குழுவுக்கும் போகும். விலைக்கு வாங்கிய நிலம் இரு அவையிலும் வேளாண் குழுக்களின் எல்லைக்குள் வரும். தவறான குழுவின் உறுப்பினரிடம் ஆறு மாதம் நடந்துவிட்டு இதைக் கண்டுபிடிக்கும் ஊர்கள் உண்டு.

அதோடு வில்லங்கமும் பார்க்க வேண்டும்: சுரங்க உரிமைக் கோரிக்கை, மேய்ச்சல் அனுமதி, மின்கம்பிப் பாதை, யாரோ ஒருவரின் தனி வீட்டுக்குப் போகும் வண்டித்தடம். சட்டம் வந்தாலும் இவை போகாது. மசோதாவில் வழக்கமாக வரும் 'நடைமுறையில் உள்ள செல்லுபடியான உரிமைகளுக்கு உட்பட்டு' என்ற தொடரின் பொருள் அதுதான். நிலம் இந்தச் சுமைகளோடுதான் ஊருக்கு வரும். மசோதா நிலுவையில் இருக்கும்போதே யாராவது புதிதாகச் சுரங்கக் கோரிக்கை பதிந்தால் தொல்லை. அதனால் அந்த நிலத்தைச் சுரங்கச் சட்டங்களிலிருந்து விலக்கி வைக்கும் வாசகத்தையும் சிலர் சேர்ப்பார்கள், ஆனால் அது சட்டம் கையெழுத்தான பிறகே வேலை செய்யும்.

இனி வரைபடம். இந்த மசோதாக்களில் செக்குபந்தி எழுதும் வழக்கம் குறைவு. இன்ன தலைப்பும் இன்ன தேதியும் கொண்ட வரைபடத்தில் காட்டியபடி 'ஏறத்தாழ' இத்தனை ஏக்கர் என்று எழுதுவார்கள். அந்த வரைபடத்தை வனத்துறையையே தயாரிக்கச் சொல்வது நல்லது. ஊர் தானாக வரைந்ததைக் கொடுத்தால், விசாரணையில் துறைச் சாட்சி சொல்லும் முதல் ஆட்சேபமே அதைப் பற்றியதாக இருக்கும். எல்லை மாறினால் வரைபடத்தின் தேதி மாறும். மசோதாவில் பழைய தேதி நின்றுவிட்டால் சட்டம் மாற்றித் தருவது பழைய எல்லையை. சிறு பிழைகளை வேளாண் செயலாளர் (அத்துறையின் அமைச்சர் போன்றவர்) திருத்தலாம் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அது எழுத்துப் பிழைக்கு, ஒரு ஓடைக்கு அந்தப்புறம் எல்லையை நகர்த்த அல்ல.

எல்லையைப் போடும்போது அமெரிக்கச் சதுர சர்வேயின் கோடுகளை ஒட்டியே போட்டால் பணம் மிச்சம். 1 மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் 160. அந்தக் காலின் கால் 40 ஏக்கர், பக்கத்துக்கு 1,320 அடி. அதையே இன்னும் இரண்டு முறை நான்காக வகுத்தால் 330 அடிக்கு 330 அடி, அதாவது 2.5 ஏக்கர். நடுத்தர அளவில் ஒரு குடிநீர்த் தொட்டிக்கும் வேலிக்கும் லாரி திரும்பவும் அது போதும். 40 ஏக்கர்த் துண்டானால் '14ஆம் செக்‌ஷன், தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். மாறாக, பாறை விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து போகும் எல்லை கேட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் கல் நட வேண்டும், அந்தச் செலவு ஊரின் தலையில். ஒரு எச்சரிக்கை: பழைய சர்வே கற்கள் பல காணாமல் போயிருக்கும், செக்‌ஷன்கள் ஏட்டில் உள்ளதுபோல் நேர்ச்சதுரமாகவும் இருக்காது. மூலைக் கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு கோடை காலத்தை விழுங்கலாம்.

மசோதாவின் உயிர்நாடி ஒரே ஒரு வாக்கியம். மாதிரிக்கு இப்படி இருக்கும்: 'ஊர் எழுத்துமூலம் கேட்ட 1 ஆண்டுக்குள், செல்லுபடியான உரிமைகளுக்கு உட்பட்டு, கிரயத் தொகை இன்றி, குவிட்கிளெய்ம் பத்திரத்தின் மூலம், அந்த நிலத்தில் அமெரிக்கக் கூட்டரசுக்குள்ள எல்லா உரிமையையும் வேளாண் செயலாளர் ஊருக்கு மாற்றித் தர வேண்டும்.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு.

'மாற்றித் தர வேண்டும்' என்பதற்குப் பதில் 'தரலாம்' என்று மசோதாவை வரைபவர் மென்மையாக்கிவிட்டால் எல்லாம் போயிற்று. கொடுப்பதா வேண்டாமா என்ற விருப்புரிமை துறைக்கே திரும்பிவிடும். சட்டம் வருவதற்கு முன் இருந்த இடத்திலேயே ஊர் நிற்கும். 'குவிட்கிளெய்ம்' என்றால், எனக்கு இருக்கிற உரிமை எதுவோ அதைத் தருகிறேன், அது எவ்வளவு என்பதற்கு நான் பொறுப்பல்ல என்று அர்த்தம். அதனால்தான் வில்லங்கத்தை ஊரே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. '1 ஆண்டுக்குள்' என்பது கேட்க நன்றாக இருக்கும். கெடு தவறினால் துறைக்குத் தண்டனை எதுவும் இல்லை, தவறுவதும் சகஜம்.

'கிரயத் தொகை இன்றி' என்ற சொற்களில்தான் பெரிய இழுபறி நடக்கும். பொதுச் சொத்துக்குச் சந்தை மதிப்பு கிடைக்க வேண்டும் என்பது வனத்துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. மிகச் சிறிய, தெளிவான பொதுத் தேவைக்கு காங்கிரஸ் இலவசமாகவும் கொடுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் பெரிய பொதுநிலச் சட்டத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி கணவாயில் தீயணைப்பு நிலையம் கட்ட 1.5 ஏக்கர், மொன்டானாவில் ஒரு கல்லறைக்கு 9.67 ஏக்கர் என்று வரும். ஒன்றரை ஏக்கருக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து வரை போக வேண்டியிருந்தது. விலை கொடுப்பதானால் மதிப்பீடு கூட்டரசின் மஞ்சள் புத்தகம் எனப்படும் நிலமதிப்பீட்டு விதிகளின்படி நடக்கும். அதில் பார்ப்பது ஊர் கட்டப்போகும் தொட்டியை அல்ல, அந்த நிலத்துக்கு அதிகபட்சப் பயன் எது என்பதை. மலையடிவாரத்தில், பக்கத்தில் வீட்டுமனை விற்கும் இடத்தில், தொட்டி நிலத்துக்கும் மனை விலை வந்து நிற்கும். பல ஊர்களின் கணக்கு இங்கேதான் உடைகிறது. இலவசமாக வந்தாலும் சர்வே, மதிப்பீடு, தொல்லியல் ஆய்வு, காகித வேலை எல்லாவற்றின் செலவும் ஊரையே சேரும் என்று மசோதா சொல்லும். அதற்கு நகர்மன்றம் முன்பே பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும்.

இலவச நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது மீள்வு ஷரத்து: சொன்ன பயனுக்குப் பயன்படுத்தாவிட்டால் நிலம் கூட்டரசுக்குத் திரும்பும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் பயனை எழுதும் விதத்தில் ஊர்கள் தங்கள் கையாலேயே தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்கின்றன. கலிபோர்னியாவின் மாமத் சமூகக் குடிநீர் மாவட்டத்துக்கு 1987இல் 36.25 ஏக்கர் வந்தது, பயன்பாட்டுக் கட்டுப்பாட்டோடு. அதை 'எந்தப் பொதுப் பயனுக்கும்' என்று தளர்த்த மறுபடி காங்கிரசுக்கே போக வேண்டியிருந்தது. அது நடந்தது 2009இல், 22 ஆண்டு கழித்து. எனவே 'குடிநீர்த் தொட்டிக்கு' என்று எழுதாதீர்கள். 'பொதுப் பயனுக்கு' என்று எழுதி, விற்பனையையும் தனியார் வீடுகளையும் மட்டும் விலக்குங்கள். தொட்டியின் பக்கத்தில் ஒரு செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று பத்து வருடம் கழித்து யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

திரும்புவது தானாக நடக்குமா, செயலாளர் விரும்பினால் மட்டுமா என்பதும் முக்கியம். தானாகத் திரும்பும் என்றால் கடன் கொடுப்பவர்கள் தயங்குவார்கள், ஈடாகக் காட்டிய நிலம் ஒரே நாளில் மறையக்கூடும் அல்லவா? 'செயலாளரின் விருப்பப்படி, அறிவிப்புக் கொடுத்து, சரிசெய்ய அவகாசம் தந்த பிறகு' என்ற வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த மீள்வுரிமைக்கே தனி மதிப்பு உண்டு என்பதற்கு அரிசோனாவின் சுப்பீரியர் ஊர் சாட்சி. 2014 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தோடு இணைந்து வந்த ரெசல்யூஷன் காப்பர் நிலப் பரிமாற்றச் சட்டத்தில் அந்த ஊருக்குக் கல்லறைக்கு 30 ஏக்கர், விமான நிலையத்தை ஒட்டி 250 ஏக்கர் ஆகியவற்றோடு, ஏற்கெனவே விமான நிலையம் இருக்கும் 265 ஏக்கர்மேல் கூட்டரசுக்கு மிச்சமிருந்த மீள்வுரிமையும் தனி இனமாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் சுப்பீரியரின் கதை இன்னொன்றையும் சொல்கிறது: சிறிய ஊர்த் தேவையைப் பெரிய சர்ச்சையோடு கட்டினால் சர்ச்சையின் வேகத்தில்தான் நகரும். அந்தச் சட்டத்தின் மையம், அப்பாச்சி மக்கள் புனிதமாகக் கருதும் ஓக் ஃபிளாட் நிலம் செம்புச் சுரங்கத்துக்குப் போவது. சட்டம் வந்து பத்தாண்டு கழிந்த பின்னும் வழக்குகள் ஓடின.

காங்கிரசுக்குள் மசோதா நகரும் விதம் இப்படி. ஊரின் கீழவை உறுப்பினரும் மாநிலத்தின் செனட்டர் ஒருவராவதும் ஒரே வாசகத்தை இரு அவையிலும் அறிமுகப்படுத்த வேண்டும். செனட்டர்கள் இருவரும் சேர்ந்தால் பாதி வெற்றி. நகர்மன்றத் தீர்மானம், கவுண்டி (மாவட்ட) ஆணையர்களின் கடிதம், அப்பகுதிப் பழங்குடி அரசோடு பேசியதற்கான சான்று மூன்றும் முதல் சந்திப்பிலேயே கையில் இருக்கட்டும். பிறகு துணைக்குழு விசாரணை. அங்கே வனத்துறைப் பிரதிநிதி சொல்வதைச் சொல்லுக்குச் சொல் கேட்க வேண்டும். 'ஆதரிக்கிறோம்' அபூர்வம். 'ஆட்சேபமில்லை' என்றால் கொண்டாடலாம். 'குழுவோடு சேர்ந்து வாசகத்தைச் சீர்செய்ய விரும்புகிறோம்' என்றால் இப்போதைய வடிவில் பிடிக்கவில்லை, ஆனால் பேசலாம் என்று பொருள். 'நோக்கத்தைப் பாராட்டுகிறோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் கவலைப்படுங்கள்.

குழு நிறைவேற்றியதும் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் செலவு மதிப்பீடு தரும். வருவாய் எதுவும் தராத சிறு நிலத்துக்கு அது தடையாவது குறைவு. கீழவையில் சர்ச்சையற்றவை 40 நிமிட விவாதம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்ற துரித வழியில் போய்விடும். செனட்தான் கழுத்தைப் பிடிக்கும். அங்கே தனி மசோதாவுக்கு நேரம் கிடையாது, ஒருமனதான சம்மதம் வேண்டும். வேறு ஏதோ கோபத்தில் இருக்கும் ஒரே ஒரு உறுப்பினர் கையை உயர்த்தினால் நின்றுவிடும். இரண்டாண்டு முடிந்து காங்கிரஸ் கலைந்தால் மசோதா செத்துப்போகும், அடுத்த காங்கிரசில் புது எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால்தான் இந்த மசோதாக்கள் தனியாக நிறைவேறுவதைவிட, பேருந்தில் ஏறுவதுபோல் ஒரு பெரிய சட்டத்தில் மூட்டையாகப் போவது அதிகம். 2009 மார்ச், 2014 டிசம்பர், 2019 மார்ச் ஆகிய மூன்று பயணங்களில் பேருந்து நிரம்பி வழிந்தது. 2019இன் ஜான் டிங்கெல் சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் ஏறின. தென் டகோட்டாவின் கஸ்டர் கவுண்டி விமான நிலையத்துக்கான 65.7 ஏக்கரும் அதில் ஒன்று. அந்தச் சட்டம் செனட்டில் 92க்கு 8 என்று தேறியது. பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விசாரணை முடித்து, குழு நிறைவேற்றி, ஆட்சேபங்கள் தீர்ந்த நிலையில் நிறுத்தத்தில் நிற்பதுதான் ஊர் செய்யக்கூடியது. பத்தாண்டு பிடித்தாலும் வியக்க வேண்டாம்.

எதிர்ப்பைத் தணிக்கத் தெரிந்த வழி, கூட்டரசுக்கும் ஏதாவது கொடுப்பது. 2009 சட்டத்தில் நெவாடாவின் கார்சன் சிட்டி சுமார் 2,264 ஏக்கர் நகர நிலத்தை வனத்துறைக்குக் கொடுத்து, 935 ஏக்கர் வன நிலத்தையும் நில மேலாண்மைப் பணியகத்தின் சில ஆயிரம் ஏக்கரையும் பெற்றது. ஆற்றோரப் பகுதிக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு போட்டுக்கொள்ளவும் சம்மதித்தது. சியாட்டில் தன் செடார் ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டதும் 1992ஆம் ஆண்டின் ஒரு பரிமாற்றச் சட்டத்தால்தான். 2025இல் மேற்கின் பொது நிலங்களில் ஒரு பகுதியை விற்கும் முன்மொழிவு ஒன்று செனட்டில் வந்து, இரு கட்சி எதிர்ப்பில் ஜூன் மாதம் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு எந்த நில மசோதாவையும் வேட்டைக்காரர் சங்கங்களும் மீன்பிடிப்போரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர்களிடம் முதலிலேயே போய், ஏக்கரையும் பயனையும் வரைபடத்தில் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

கையெழுத்தானதும் வேலை முடிந்ததாக நினைக்கும் ஊர்களுக்கு அடுத்த ஏமாற்றம் காத்திருக்கிறது. தொல்பொருள் ஆய்வு, அருகிவரும் உயிரினச் சரிபார்ப்பு, நச்சுக்கழிவு வரலாறு ஆகியவை பத்திரத்துக்கு முன் முடிய வேண்டும். பழைய குப்பைக் குழியோ துப்பாக்கி சுடும் மைதானமோ உள்ள நிலமானால் மண்ணில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பது மசோதாவிலேயே எழுதப்படவில்லை என்றால் பத்திரம் அங்கேயே படுத்துவிடும். எல்லாம் முடிந்து பத்திரம் கவுண்டிப் பதிவகத்தில் ஏறிய நாளிலிருந்து அந்த நிலத்தில் காய்ந்த ஊசியிலையையும் புதரையும் வெட்டுவது வனத்துறையின் வேலை அல்ல. காட்டுத்தீ வந்தால் முதல் பொறுப்பும் ஊருடையது. தீயணைப்பு மாவட்டத்தோடு அதற்கான ஒப்பந்தத்தைப் பத்திரம் வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள்.